ஸ்கார்லெட்டின் ஊரில் 400 பெண்கள்

அட்லாண்டாவுக்கு வருகிற டூரிஸ்டுகள் ஏர்போர்ட்டை விட்டு வெளியே வந்ததும் டாக்ஸி டிரைவரிடம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டாம். ''டாரா எங்கே இருக்கு?''

டிரைவர் சிரிப்பார். இருந்தால்தானே காட்டுவதற்கு?

'கான் வித் த விண்ட்' படம் பார்த்தவர்களுக்கு டாராவைத் தெரியும். பெரிய பெரிய தூண்கள், சுற்றிலும் பருத்திக் காடு, வாசலில் பூப்போட்ட கவுனை விரித்துக்கொண்டு ஸ்கார்லெட் ஓ'ஹாராவாக விவியன் லீ. (அந்தம்மா பிறந்தது நம் டார்ஜிலிங்கில் என்பது உபரித் தகவல்.) அந்த வீடு ஜார்ஜியா மாநிலத்தில் என்றைக்குமே இருந்ததில்லை. மார்கரெட் மிட்செல் என்கிற எழுத்தாளரின் தலைக்குள் இருந்தது. அப்புறம் சினிமாக்காரர்கள் கலிபோர்னியாவில் செட் போட்டார்கள். அட்லாண்டா நகரமே பற்றி எரிகிற புகழ்பெற்ற காட்சிகூட, பழைய சினிமா செட்டுகளைக் கொளுத்தி எடுத்ததுதான். எரிந்ததில் 'கிங்காங்' படத்தின் பிரம்மாண்ட மதில் சுவரும் சேர்த்தி!

அக்கா மகன் வீட்டில் பத்து நாள் தங்கியிருந்தபோது, ''டாராதான் இல்லை, அதை எழுதின இடமாவது இருக்கிறதா?'' என்று கேட்டேன். பையன் சாஃப்ட்வேர். ஆல்ஃபரெட்டா என்கிற புறநகரில் ஜாகை. அந்தப் பக்கம் தடுக்கி விழுந்தால் ஒரு தமிழ்க் குடும்பத்தின் வாசலில்தான் விழ வேண்டும்.

''அது எதுக்கு மாமா? கோகோ கோலா மியூசியம் போலாம். கண்ணாடிக்குள்ளே திமிங்கிலச் சுறா நீந்துது, அதைப் பார்க்கலாம்'' என்றான்.

''சுறா எங்கேயும் ஓடிப் போகாது. முதல்லே இதைப் பார்த்துடலாம்'' என்று கிளப்பினேன்.

ஒண்ணாம் நம்பர் வீடு

அட்லாண்டாவில் முகவரி கண்டுபிடிப்பது தனி வித்தை. எழுபதுக்கும் மேற்பட்ட தெருக்களின் பெயரில் 'பீச்ட்ரீ' வருகிறது என்கிறார்கள். பீச்ட்ரீ தெரு, மேற்கு பீச்ட்ரீ, பீச்ட்ரீ சந்து, பீச்ட்ரீ வட்டம்... நம் ஊரில் காந்தி ரோடு தேடுவது தேவலை.

மிட்செல் குடியிருந்த மூன்று மாடிச் செங்கல் கட்டிடம் நகரத்தின் நடுவில், உயரமான கண்ணாடிக் கட்டிடங்களுக்கு இடையில் ஒண்டிக்கொண்டு நிற்கிறது. தரைத்தளத்தில் ஒண்ணாம் நம்பர் போர்ஷன். அதற்கு அவர் வைத்த செல்லப் பெயர் 'குப்பைமேடு'. கணுக்காலில் அடிபட்டு 1926-ல் வீட்டோடு கிடந்தபோது, புருஷன் லைப்ரரியிலிருந்து மூட்டை மூட்டையாகப் புத்தகம் சுமந்து அலுத்துப் போனார். ''இனிமேல் நீயே ஒன்று எழுதிக்கொள்'' என்று டைப்ரைட்டரைக் கொண்டுவந்து வைத்தாராம். 1936-ல் வெளிவந்த நாவல் ஆயிரம் பக்கத்துக்கு மேல். ஆறு மாதத்தில் பத்து லட்சம் பிரதிகள் விற்றன. அடுத்த வருஷம் புலிட்சர் பரிசு.

1994-ல் ஒரு தடவை, 1996-ல் ஒரு தடவை இந்த வீட்டில் தீப்பிடித்தது. இரண்டு தடவையும் தப்பித்து, 1997-ல் மியூசியமாகத் திறந்தார்கள்.

சின்ன வயசில் வீட்டுப் பெரியவர்கள் மடியில் உட்கார்ந்து யுத்தக் கதைகளாகக் கேட்டு வளர்ந்தவர் மிட்செல். எல்லாக் கதையும் சொன்னார்கள், ஒன்றைத் தவிர. யுத்தத்தில் தெற்கத்திக்காரர்கள் தோற்றுவிட்டார்கள் என்பது அவருக்குப் பத்து வயதில்தான் தெரியுமாம். அவரே சொல்லியிருக்கிறார்.

எரித்தது யார்?

யுத்தம் என்னவென்று சுருக்கமாக. அடிமை முறையை விட மாட்டோம் என்று 11 தென் மாநிலங்கள் அமெரிக்காவிலிருந்து பிய்த்துக்கொண்டு போயின. 1861 முதல் 1865 வரை அண்ணன் தம்பிச் சண்டை. செத்தவர்கள் ஆறு லட்சத்துக்கும் மேல்.

அட்லாண்டா அப்போது சின்ன ஊர்தான். ஆனால் நம் விழுப்புரம் மாதிரி ஜங்ஷன். தெற்கத்தி ராணுவத்தின் அரிசி பருப்பு (அவர்களுக்குச் சோளமும் பன்றிக் கறியும்), துப்பாக்கி, துணி எல்லாம் இந்த ஸ்டேஷன் வழியாகத்தான் போயாக வேண்டும். வடக்கத்தித் தளபதி ஷெர்மன் 1864 ஜூலையில் ஊரைச் சுற்றி வளைத்தார். ஆகஸ்ட் மாதத்தில் பீரங்கிக் குண்டு மழை. ஊருக்குள் இருந்த ஆண்களில் பெரும்பாலோர் போர்முனையில். அதனால் குண்டு விழுந்தது யார் வீட்டுக் கூரையில் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

கேரி பெர்ரி என்று ஒரு குட்டிப் பெண். அந்த ஆகஸ்ட் 3-ம் தேதி அவளுக்குப் பத்து வயது நிறைந்தது. தினம் டைரி எழுதினாள். பிறந்த நாளுக்குக் கேக் கிடையாது, கஷ்ட காலம், துணிக்கு இஸ்திரி போட்டுக் கொண்டாடினேன் என்கிற தோரணையில் எழுதியிருக்கிறாள். குண்டு விழும்போது பாதாள அறைக்கு ஓடியதும், விழாத நாளில் வீட்டு வேலை செய்ததும் மாறி மாறி வருகிறது. படிக்கிறவர்களுக்குத்தான் வயிற்றைப் பிசைகிறது. அவள் பாட்டுக்குச் சாதாரணமாக எழுதிக்கொண்டு போகிறாள்.

இன்னொரு விஷயம். நாவலில் ஸ்கார்லெட், பிரசவமான மெலனியையும் குழந்தையையும் வண்டியில் போட்டுக்கொண்டு தீக்கு நடுவே தப்பித்துப் போகிறாளே, அந்தத் தீ ஷெர்மன் வைத்ததில்லை! செப்டம்பர் 1-ம் தேதி இரவு ஊரைக் காலி செய்த தெற்கத்தித் தளபதி ஹூட், எதிரி கையில் சிக்கக் கூடாது என்று தன்னுடைய வெடிமருந்து ரயிலுக்குத் தானே கொள்ளி வைத்தார். ஷெர்மன் தன் பங்குக்கு எரித்தது நவம்பர் நடுவில்.

நடுவிலே இன்னொரு காரியம் செய்தார். ஊரைப் பிடித்த கையோடு, ஜனங்கள் அத்தனை பேரும் வெளியேற வேண்டும் என்று உத்தரவு. மேயர் கால்ஹூன் கெஞ்சிக் கடிதம் எழுதினார். கர்ப்பிணிகள் இருக்கிறார்கள், கைக்குழந்தைக்காரிகள் இருக்கிறார்கள், குளிர்காலம் வருகிறது, இவர்கள் எங்கே போவார்கள் என்று. யுத்தம் என்றாலே கொடுமைதான், அதற்கு மெருகு போட முடியாது என்கிற ரீதியில் பதில் வந்தது. சுமார் 1,600 பேர் மூட்டை முடிச்சோடு தெற்கே போனார்கள். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். கேரி குடும்பம் எப்படியோ அனுமதி வாங்கித் தங்கிவிட்டது.

இது வரைக்கும் கைடு சொல்வார், புத்தகம் சொல்லும், படமும் ஓரளவு சொல்லும். சொல்லாத ஒன்றைப் பார்க்க வடக்கே 30 கிலோமீட்டர் போக வேண்டும்.

கல்யாண வீடும் மில்லும்

ராஸ்வெல். ஆல்ஃபரெட்டாவுக்கு அடுத்த ஊர். அக்கா மகனுக்குச் சந்தோஷம். ''நம்ம வீட்டுக்குப் போற வழிதானே மாமா! தினம் இதைத் தாண்டித்தான் ஆபீஸ் போறேன்.''

சாட்டஹூச்சி ஆற்றில் விழுகிற ஒரு ஓடை. அந்தத் தண்ணீரை நம்பி ராஸ்வெல் கிங் என்பவர் 1839-ல் பஞ்சு மில் ஆரம்பித்தார். மேட்டில் முதலாளிமார்களுக்குத் தூண் வைத்த மாளிகைகள். பள்ளத்தில் மில். நடுவில் தொழிலாளர் வரிசை வீடுகள். மூன்றும் இன்றைக்கும் இருக்கின்றன. ஆனால் மாளிகைகளுக்குத்தான் டிக்கெட் கொடுக்கிறார்கள்.

அதில் ஒன்று புல்லக் ஹால். 1853-ல் இந்த வீட்டில் ஒரு கல்யாணம். மணப்பெண் மிட்டி புல்லக், மாப்பிள்ளை நியூயார்க் ரூஸ்வெல்ட். இவர்களுடைய பிள்ளைதான் பிற்பாடு ஜனாதிபதியான தியோடர் ரூஸ்வெல்ட். இந்தக் கல்யாணத்தைப் பற்றிக் கட்டுரை எழுத, 1923-ல் பத்திரிகை நிருபராக இந்த ஊருக்கு ஓர் இளம் பெண் வந்தார். மணப்பெண் தோழிகளில் உயிரோடு மிச்சமிருந்த ஒரு மூதாட்டியைப் பக்கத்து மாளிகையான பாரிங்டன் ஹாலில் உட்கார்ந்து பேட்டி எடுத்தார்.

நிருபர் யார்? சாட்சாத் மார்கரெட் மிட்செல்! பாட்டி யார்? மில் தலைவராக இருந்த பாரிங்டன் கிங்கின் மகள்.

பேட்டி கல்யாணத்தைப் பற்றி. கேக், கவுன், நடனம், எந்த ரயிலில் யார் வந்தார்கள்... அந்த வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் மில் பள்ளம். அங்கே 1864-ல் நடந்தது இது.

குற்றம்: வேலைக்குப் போனது

ஜூலை 5-ம் தேதி வடக்கத்திக் குதிரைப் படை ராஸ்வெல்லுக்குள் நுழைந்தது. தளபதி பெயர் காரார்ட். முதலாளி குடும்பங்கள் முன்கூட்டியே கிளம்பிப் போய்விட்டன. மில் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. ஓட்டியவர்கள் பெண்கள். புருஷன்மார் போர்முனையில், சிலர் ஏற்கெனவே மண்ணுக்குள். கூலி வந்தால் அடுப்பு எரியும். நெய்த துணி ராணுவத்துக்குப் போனது. ஒரு மில்லில் நெய்த கம்பளித் துணிக்கு 'ராஸ்வெல் சாம்பல்' என்றே பெயர். தெற்கத்தி சிப்பாய்களின் யூனிஃபார்ம் துணி அது.

மில்லில் தியோஃபில் ரோஷ் என்று ஒரு பிரெஞ்சுக்காரர். கம்பளி மில்லின் உச்சியில் பிரெஞ்சுக் கொடி பறந்தது. 'இது வெளிநாட்டுச் சொத்து, கை வைக்காதே' என்று அர்த்தம். பட்டப்பகலில் எதிரிக்கு யூனிஃபார்ம் நெய்துகொண்டு கொடியை மட்டும் மாற்றினால் யார் விடுவார்கள்? மறுநாள் மில்களைக் கொளுத்தினார்கள்.

அதோடு விட்டிருந்தால் இது ஆயிரத்தில் ஒரு யுத்தக் கதை. ஜூலை 7-ம் தேதி ஷெர்மனிடமிருந்து உத்தரவு வந்தது. மில்லோடு சம்பந்தப்பட்ட அத்தனை பேரையும் கைது செய், முதலாளி, தொழிலாளி பேதமில்லை, தேசத் துரோகக் குற்றம், வடக்கே அனுப்பு என்று.

முதலாளிதான் ஊரில் இல்லையே! மாட்டியவர்கள் தொழிலாளிகள். சுமார் 400 பேர். பெரும்பாலும் பெண்கள், அவர்கள் கையில் குழந்தைகள். மில்லிலேயே வேலை பார்த்த சிறுமிகளும் உண்டு.

யோசித்துப் பாருங்கள். காலையில் டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போகிறீர்கள். சாயங்காலம், நீங்கள் வேலை பார்த்ததே ராஜத்துரோகம் என்று வண்டியில் ஏற்றுகிறார்கள். செக்கில் கையெழுத்துப் போட்ட முதலாளி எந்த ஊரில் இருக்கிறார் என்று தெரியாது.

ராணுவ வண்டிகளில் மரியேட்டா என்கிற ஊருக்குக் கொண்டுபோய், அங்கே ஒரு ராணுவப் பள்ளிக் கட்டிடத்தில் அடைத்தார்கள். அப்புறம் கூட்ஸ் வண்டி. நாஷ்வில், அங்கிருந்து லூயிவில். ஸ்வீட்வாட்டர் ஓடைக்கரையில் நியூ மான்செஸ்டர் என்று இன்னொரு மில் ஊர். அதையும் எரித்து, அங்கிருந்தவர்களையும் இதே பாதையில் ஏற்றினார்கள். வடக்கத்திப் பத்திரிகைகளிலேயே கண்டனம் வந்தது. யுத்தத்தில் பெண்களையா நாடு கடத்துவது என்று.

லூயிவில்லில் இறக்கியதும் என்ன ஆயிற்று? தையல்காரி, வேலைக்காரி தேவைப்படுகிற குடும்பங்கள் அகதிகள் இருக்கிற இடத்துக்கு வந்து அழைத்துப் போகலாம் என்று உள்ளூர்ப் பத்திரிகையில் அறிவிப்பு வந்தது. சிலர் அப்படிப் போனார்கள். சிலரை ஒஹையோ ஆற்றைத் தாண்டி இந்தியானா மாநிலத்தில் விட்டார்கள். சிலர் அங்கே வேறு மில்களில் சேர்ந்தார்கள். சிலர் நோயில் போனார்கள். பெரும்பாலானவர்கள் என்ன ஆனார்கள் என்பதற்குச் சுவடே இல்லை. எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் குறைவு. கேரி பெர்ரிக்கு டைரி இருந்தது. இவர்களுக்கு இல்லை.

யுத்தம் முடிந்ததும் பாரிங்டன் கிங் திரும்பி வந்தார். மில்லைத் திரும்பக் கட்டினார்கள். பழைய கைகள் வராவிட்டால் என்ன, புதுக் கைகள் கிடைக்காமலா போய்விடும்?

முறிந்த தூண்

மாளிகைகளைப் பார்த்துவிட்டு ஸ்லோன் தெருவில் இறங்கினால் தொழிலாளர் குடியிருப்பு. 1840 வாக்கில் கட்டிய செங்கல் வரிசை வீடுகள் இன்னும் கட்டுக்குலையாமல் நிற்கின்றன. அதே தெருவில் சின்னதாக ஒரு பூங்கா. நடுவே ஒரு தூண். கம்பீரமான தூண்தான். ஆனால் இதன் உச்சி வேண்டுமென்றே முறிந்திருக்கிறது. பாதியில் ஒடிந்த வாழ்க்கைகள் என்பதற்கு அடையாளம். அந்த 400 பேர் நினைவாக 2000-ம் வருஷம் ஜூலையில் வைத்தார்கள். 136 வருஷம் கழித்து!

பூங்காவில் எங்களைத் தவிர யாரும் இல்லை. டிக்கெட் இல்லை, கைடு இல்லை, பொம்மை விற்கிற கடை இல்லை.

அக்கா மகன் கல்வெட்டை இரண்டு தடவை படித்தான். ''ஆறு வருஷமா இந்த ரோட்டுலே போறேன் மாமா. சிக்னல்லே நின்னு காபி குடிச்சிருக்கேன். இது ஒண்ணு இருக்குன்னே தெரியாது'' என்றான்.

அங்கிருந்து பள்ளத்தில் இறங்கினால் ஓடை. தடுப்பணை மேலிருந்து தண்ணீர் வெள்ளைத் துணி விரித்த மாதிரி கொட்டுகிறது. தீக்குத் தப்பிய ஒரே ஒரு செங்கல் கட்டிடம், மில்லின் எந்திரப் பட்டறை, கரையில் நிற்கிறது. பக்கத்திலே இடிந்த சுவர்கள். குடும்பம் குடும்பமாக வந்து போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். நல்ல இடம்தான். தண்ணீர்ச் சத்தத்தில் வேறு எதுவும் கேட்பதில்லை.

கதையில் இடம் பிடித்தவர்கள்

மில் பெண்களுக்காவது ஒரு தூண். இன்னும் கீழே இருந்தவர்கள் இருக்கிறார்களே, அடிமைப் பெண்கள், அவர்கள் கதி?

ஷெர்மன் அட்லாண்டாவை எரித்துவிட்டுக் கடலைப் பார்த்து நடந்தபோது, விடுதலை கிடைத்துவிட்டது என்று நம்பி ஆயிரக்கணக்கான கறுப்பர்கள் அந்தப் படையின் பின்னால் நடந்தார்கள். கைக்குழந்தையோடு பெண்கள், கிழவர்கள். சவானா நகரத்துக்குப் பக்கத்தில் எபனேசர் என்று ஓர் ஓடை. 1864 டிசம்பர் 9-ம் தேதி சிப்பாய்கள் தற்காலிகப் பாலத்தில் ஏறித் தாண்டினார்கள். பின்னால் வருகிறவர்களுக்கு முன் பாலத்தை எடுக்கச் சொல்லிவிட்டார் ஒரு தளபதி. பின்னாலே எதிரிக் குதிரைப் படை, முன்னாலே குளிர்ந்த தண்ணீர். குதித்தவர்களில் பலர் கரையேறவில்லை. விடுதலை கொடுக்க வந்த படையே செய்த காரியம் இது.

1939 டிசம்பரில் 'கான் வித் த விண்ட்' படத்தின் முதல் காட்சி அட்லாண்டாவில் திருவிழா மாதிரி நடந்தது. டாரா வீட்டு அடிமை ஆயாவாக நடித்த ஹாட்டி மெக்டானியல் வரவில்லை. அந்தத் தியேட்டரில் கறுப்பர்களுக்கு இடமில்லை என்று சட்டம். இரண்டரை மாதம் கழித்து அவருக்கு ஆஸ்கார் கிடைத்தது. அந்தப் பரிசு வாங்கிய முதல் கறுப்பர் அவர்தான்.

கதைகளும் மெள்ள மெள்ள மாறின. தன் கொள்ளுப்பாட்டி ஜார்ஜியாவில் அடிமையாக இருந்த கதையை 'ஜூபிலி' என்று நாவலாக்கினார் மார்கரெட் வாக்கர், 1966-ல். ராஸ்வெல் மில்லிலிருந்து கடத்தப்பட்ட 12 வயதுச் சிறுமியைக் கதாநாயகியாக வைத்து 1984-ல் பட்ரீஷியா பீட்டி குழந்தைகளுக்கு ஒரு நாவல் எழுதினார். ஸ்கார்லெட்டை எழுதியது தப்பு என்று யாரும் சொல்லவில்லை. வீட்டிலிருந்த பெண் பார்வையில் யுத்தத்தைச் சொல்லி ஜமாய்த்தவர் மிட்செல். ஆனால் எந்த வீட்டுப் பெண் என்று ஒரு கேள்வி இருக்கிறது. மேட்டு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கேட்டால் மேட்டு வீட்டுக் கதைதான் கிடைக்கும். பள்ளத்துக்கு இறங்கியவர்கள் பின்னால் வந்தார்கள்.

அட்லாண்டா போகிறவர்கள் சுறாவைப் பாருங்கள், கோலா குடியுங்கள், மிட்செல் வீட்டையும் பாருங்கள். ஒரு அரை நாள் மிச்சம் பிடித்து ராஸ்வெல்லுக்குப் போங்கள். செலவு பெட்ரோல்தான். நேரம் இருந்தால் மேற்கே ஸ்வீட்வாட்டர் ஓடைப் பூங்கா. எரிந்துபோன நியூ மான்செஸ்டர் மில்லின் வெறும் சுவர்கள் காட்டுக்குள் நிற்கின்றன.

அந்த 400 பேரில் பெயர் தெரிந்த ஒருத்தியைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். அடலைன் பாக்லி பியூஸ். மில்லில் தையல் வேலை. புருஷன் யுத்தத்தில். பிடித்துக்கொண்டு போனபோது வயிற்றில் பிள்ளை. சிகாகோ வரைக்கும் கொண்டுபோய்விட்டார்கள். ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் தூரம். 1869-ல் ஊர் வந்து சேர்ந்தாள். ஐந்து வருஷம் ஆகிவிட்டது. அவள் செத்திருப்பாள் என்று முடிவு செய்த புருஷன் வேறு கல்யாணம் செய்துகொண்டிருந்தான் என்கிறார்கள்.

ராஸ்வெல்லுக்கு வடக்கே ஃபோர்சைத் கவுண்டியில் அவளுடைய கல்லறை இருக்கிறது. பிடித்துக்கொண்டு போனதையும், திரும்பி வந்ததையும் அதன் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். எப்படித் திரும்பி வந்தாள் என்பதும் அதிலேயே இருக்கிறது. நடந்து.